வேட்டை செல்வந்தர்களின் தனிச்சொத்தா?



ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் பிறந்தவுடன் அமெரிக்காவில் வாழும் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே வகைப் படங்கள் வரத் தொடங்குகின்றன. ஒரு வண்டியின் பின்பலகையில் வரிசையாகக் கிடத்தப்பட்ட செந்நிறச் சேவல்கள். பின்னால் புத்தம்புது ஆரஞ்சு உடையில் புன்னகைக்கும் நம் சகோதரர்கள். தெற்கு டகோட்டாவுக்கு ஃபெசன்ட் வேட்டைக்குப் போய் வந்திருக்கிறார்கள். எவ்வளவு செலவாயிற்று என்று யாரேனும் கேட்டால், ஆளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் என்ற பதில் சற்றுப் பெருமிதத்தோடு வருகிறது. அதைப் படிக்கும் நடுத்தர வருவாயுள்ள தந்தை ஒருவர் கைப்பேசியை மூடி வைத்துவிட்டுத் தன் மகனிடம், "இதெல்லாம் நமக்கு ஆகாதப்பா" என்கிறார்.

இந்த ஒரு வாக்கியத்திற்கு எதிராகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். இது உண்மையல்ல. நம்மில் வசதி படைத்த சிலர் தங்கள் செலவைப் பறைசாற்றிப் பறைசாற்றி உண்மைபோல் ஆக்கிவிட்டார்கள்.

முதலில் அந்தப் பறவையைப் பற்றிச் சில சொற்கள். ஃபெசன்ட் என்பது மயில், காட்டுக்கோழி, கௌதாரி, காடை ஆகியவை சேர்ந்த அதே குடும்பத்தைச் சார்ந்தது. நமக்கு முற்றிலும் அந்நியமான பறவையன்று. நம் ஊர்க் காட்டுக்கோழிக்கு உறவுதான். சேவலின் கழுத்தில் வெண்வளையம் இருக்கும். பேடு காய்ந்த புல்லின் நிறத்தில் இருக்கும். இது அமெரிக்க மண்ணின் பூர்வீகப் பறவையும் அன்று. 1880களின் தொடக்கத்தில் ஷாங்காயில் பணியாற்றிய அமெரிக்கத் தூதரக அதிகாரி ஓவன் டென்னி சீனாவிலிருந்து ஒரேகானுக்கு அனுப்பிய பறவைகளே அங்கு முதலில் நிலைபெற்றன. தெற்கு டகோட்டாவில் 1919ஆம் ஆண்டு ஸ்பிங்க் மாவட்டத்தில் ஒரே ஒரு நாள் முதல் வேட்டைப் பருவம் அனுமதிக்கப்பட்டது. 1943இல் அது அம்மாநிலத்தின் மாநிலப் பறவையாயிற்று. கடல் கடந்து வந்து குடியேறி, அந்நிலத்தின் அடையாளமாகவே மாறிய பறவை. குடியேறிகளாகிய நாம் அதைச் சற்று மரியாதையோடு அணுகுவது தகும்.

இனி நம் வழக்கிற்கு வருவோம். ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுப்பவர்கள் எதற்காகக் கொடுக்கிறார்கள்? தனியார் வேட்டைப் பண்ணைகள் பலவற்றில் கூண்டில் வளர்க்கப்பட்ட பறவைகள் வாடிக்கையாளர்களுக்காகத் திறந்துவிடப்படுகின்றன. தங்குமிடம், உணவு, வழிகாட்டி, நாய், பறவையை உரித்துப் பொதிந்து தரும் ஆள் என அனைத்தும் கட்டணத்தில் அடக்கம். ஒரு நாளைக்கே பல நூறு டாலர். வேட்டைக்காரர் நடக்க வேண்டியதில்லை என்றே சொல்லிவிடலாம், சுட்டால் போதும். அதாவது அங்கே விற்கப்படுவது உறுதி. வெறுங்கையோடு திரும்ப மாட்டோம் என்ற உறுதி.

இந்த இடத்தில் ஒரு வரலாற்றை நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளோம். இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒருமுறை குறைஷி இளைஞர்கள் சிலரைக் கடந்து செல்கிறார்கள். அவ்விளைஞர்கள் ஒரு பறவையை நிறுத்தி வைத்து அம்பெய்து பழகிக்கொண்டிருக்கிறார்கள். குறி தவறும் ஒவ்வோர் அம்பும் பறவையின் உரிமையாளருக்குச் சேரும் என்பது அவர்களுக்கிடையே பேச்சு. இப்னு உமரைக் கண்டதும் சிதறி ஓடுகிறார்கள். உயிருள்ள ஒன்றைக் குறிப்பொருளாக ஆக்குவோரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததை அவர் அப்போது எடுத்துரைக்கிறார். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி.

பண்ணைப் பறவை கட்டிவைக்கப்படவில்லை, அது பறக்கிறது, உண்ணவும்படுகிறது, ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்று சகோதரர்கள் வாதிடுவார்கள். சரி. இரண்டும் ஒன்றென்று நாமும் தீர்ப்பளிக்கவில்லை. அது ஆலிம்களின் பணி. ஆனால் பறவையின் உரிமையாளர் இலாபமடைய, குறிபார்ப்பவர் மகிழ்ச்சியடைய, பறவை அதற்கெனவே கொண்டுவந்து விடப்படும் அந்தக் காட்சி நம் உள்ளத்தில் சிறிதேனும் உறுத்த வேண்டாமா? உறுத்தலே இல்லாமல் அதற்கு ஆயிரங்களைச் செலவிட்டு, அதையும் கிரெடிட் கார்டில் ஏற்றி, மாதந்தோறும் வட்டி கட்டும் நிலைக்குப் போகிறவரை என்னென்று சொல்வது? உணவு ஹலாலா என்று நூறு கேள்வி கேட்கும் நாம், அந்த உணவைத் தேடிச் சென்ற வழியில் கலந்த வட்டியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லையே!

வேறொரு தரப்பினரும் உள்ளனர். வேட்டையே கொடுமை, நாகரிகமான முஸ்லிமுக்கு அது எதற்கு என்பது அவர்கள் கேள்வி. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியிருப்பதால், ஊரில் வளர்ந்த நமக்கு இந்தத் தயக்கம் இயல்பே. ஊரில் அச்சட்டத்தை மதிப்பது நம் கடமையும்கூட. ஆனால் அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் பயிற்சியளிக்கப்பட்ட பிராணிகள் பிடித்துத் தரும் வேட்டையை நிபந்தனைகளோடு ஆகுமாக்கியிருக்கிறது. இஹ்ராமில் இருப்பவருக்குத் தரை வேட்டை தடுக்கப்பட்டிருப்பதே, பிற நேரங்களில் அது அனுமதிக்கப்பட்டது என்பதற்குச் சான்று. கடையில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய கோழியை வாங்கும்போது எழாத இரக்கம், திறந்த வெளியில் பறந்து வாழ்ந்த ஒரு பறவையைக் காணும்போது மட்டும் எழுவது இரக்கமன்று. பார்க்காமலிருக்கும் வசதி அது. மூன்று மணி நேரம் புல்வெளியில் நடந்து ஒரு பறவையைப் பெற்ற சிறுவன், அதன் இறைச்சியில் ஒரு துண்டையும் தட்டில் மீதம் வைக்க மாட்டான். இதை எங்கள் பிள்ளைகளிடமே கண்டிருக்கிறோம்.

சரி, பண்ணைக்குப் போகாமல் எங்கே போவது? இதற்கு விடை சொல்லாமல் கண்டிப்பது மட்டும் எளிது. ஆகவே விடையைச் சொல்கிறோம்.

தெற்கு டகோட்டா அரசு 1988 முதல் தனியார் விவசாயிகளிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பொதுமக்கள் நடந்து வேட்டையாடத் திறந்துவிடுகிறது. இப்படித் திறந்துள்ள நிலம் பத்து இலட்சம் ஏக்கருக்கும் மேல். வண்டியை எல்லையில் நிறுத்திவிட்டு நடந்து செல்ல வேண்டும் என்பதே முதன்மையான நிபந்தனை. தனிக் கட்டணம் எதுவுமில்லை. இவையன்றி மாநில அரசின் வேட்டை நிலங்களும், கூட்டரசின் நீர்ப்பறவை நிலங்களும் உள்ளன. கூட்டரசின் நீர்ப்பறவை நிலங்களில் ஈயக் குண்டுகளுக்கு அனுமதியில்லை; எஃகுக் குண்டு போன்ற நஞ்சற்றவையே செல்லும். இவை அனைத்தையும் காட்டும் வரைபடத்தை மாநில வேட்டைத் துறையே வெளியிடுகிறது. கேன்சஸிலும் நெப்ராஸ்காவிலும் வடக்கு டகோட்டாவிலும் இவ்வாறான நடைவேட்டை நிலங்கள் உண்டு. டெக்சாஸில் வாழும் சகோதரர்களுக்குக் கேன்சஸே அருகு. அங்கே நவம்பரின் இரண்டாம் சனிக்கிழமை பருவம் தொடங்குகிறது. வடக்கு டகோட்டா செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பருவத்தின் முதல் வாரத்தில் அங்குள்ள குத்தகை நிலங்களில் வெளிமாநிலத்தவருக்கு அனுமதியில்லை.

மினசோட்டாவில் வாழும் எங்களில் நான்கு பேர் ஒரு நவம்பரில் தெற்கு டகோட்டா சென்ற கணக்கை அப்படியே வைக்கிறோம். போக வர அறுநூறு மைல், அங்கே சுற்றியது இருநூறு மைல், ஒரே வண்டி, பெட்ரோல் ஆளுக்கு ஏறத்தாழ 28 டாலர். சிற்றூர் விடுதியில் இரண்டு அறை, மூன்று இரவு. ஆளுக்கு 135 டாலர். வெளிமாநிலத்தவருக்கான சிறுவேட்டை உரிமமும் வாழிட முத்திரையும் சேர்த்து 150 டாலர் அளவு. தோட்டா 40. உணவு 60. ஆக மொத்தம் 413 டாலர். துப்பாக்கிகள் முன்பே வாங்கி வைத்திருந்த பழையவை. நாய் இல்லை. மூன்று நாளில் நால்வரும் சேர்ந்து பதினொரு சேவல்கள் பெற்றோம். கட்டணங்கள் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை. உங்கள் ஆண்டின் தொகையைத் துறையின் அறிவிப்பில் பார்த்துக் கொள்ளுங்கள். ஆனால் கணக்கின் வடிவம் மாறாது. உரிமத்தைத் தவிர மற்றவையெல்லாம் நம் கையில் இருப்பவை.

செலவைக் குறைத்தவை மூன்று முடிவுகள். முதலாவது, பருவத் தொடக்கத்தைத் தவிர்த்தது. தெற்கு டகோட்டாவில் அக்டோபரின் மூன்றாம் சனிக்கிழமை பருவம் தொடங்கி ஜனவரி 31 வரை நீடிக்கிறது. முதல் வாரத்தில் விடுதிகள் நிரம்பி வழியும். சோளமும் பல வயல்களில் அறுவடையாகாமல் நிற்கும். பறவைகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும். நவம்பர் நடுவில் சோளம் அறுக்கப்பட்டிருக்கும், கூட்டம் கலைந்திருக்கும், பறவைகள் கோரைப் புல்லிலும் சதுப்பு ஓரங்களிலும் ஒதுங்கும். இரண்டாவது, சிறிய நிலங்களைத் தேர்ந்தது. நாய் இல்லாதவர் பெரிய புல்வெளியில் அலைந்து பயனில்லை. குறுகிய கோரைத் திட்டின் ஒரு முனையில் இருவர் நடக்க, மறு முனையில் இருவர் நிற்கலாம். ஃபெசன்ட் பறப்பதைவிட ஓடுவதையே விரும்பும். நிலத்தின் முடிவில்தான் எழும். எதிரெதிரே ஆட்கள் இருப்பதால் தாழப் பறக்கும் பறவையைச் சுடவே கூடாது என்பதை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். அனைவரும் ஆரஞ்சு நிறம் அணியுங்கள். மூன்றாவது, சமைத்து உண்டது. அந்தச் சிற்றூர்களில் ஹலால் உணவகம் தேடுவது வீண். அரிசியும் பருப்பும் ஊறுகாயும் ஒரு மின்சோற்றுப் பானையும் போதுமாயிருந்தன. முதல் நாளுக்கு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிச்சோறு.

தொழுகைக்கு இடையூறு நேருமோ என அஞ்சுவோர்க்கு ஒரு சொல். தெற்கு டகோட்டாவில் வேட்டை காலை 10 மணிக்குத்தான் தொடங்கலாம். சூரியன் மறையும்போது முடிய வேண்டும். ஃபஜ்ரை ஜமாஅத்தாகத் தொழுது, ஓதி, உண்டு புறப்பட நிறைய நேரம் இருக்கிறது. லுஹரையும் அஸரையும் உறைந்த புல்லின் மேல் விரிப்பிட்டுத் தொழுதோம். நம்மில் ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் இருப்பதால், பயணத்தில் சேர்த்துத் தொழுவது பற்றி அவரவர் மத்ஹபின்படி நடந்துகொண்டோம்.

இனி, நம் சகோதரர்களில் பலரும் அறியாத ஒரு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையிலிருப்பது அதற்குரிய விதிவிலக்குகளுள் ஒன்று. எனவே அத்தகையோருக்கு உரிமம் என்பது வேட்டைக்கான சீட்டு மட்டுமன்று. அது இல்லாத நேரத்தில் நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்ப்பதுகூடக் குடியேற்ற வாழ்வையே பாதிக்கலாம். "சும்மா ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்" என்ற விளையாட்டு வேண்டாம். ஐயமிருப்பின் வழக்கறிஞரிடம் கேட்டபின் புறப்படுங்கள். அவ்வாறே பல மாநிலங்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழையும் கேட்கின்றன. கேன்சஸில் 1957 ஜூலை 1 அல்லது அதற்குப்பின் பிறந்தோருக்கு அது பொதுவான விதி. உங்கள் மாநிலத்திலேயே அப்பயிற்சியை முடித்துவிடலாம்.

இங்கேதான் மலிவு என்ற சொல்லை நம்மவர்கள் சிலர் சிதைத்துவிடுகிறார்கள் என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறோம். அம்மாநிலத்தில் வாழும் உறவினரின் முகவரியைக் கொடுத்து உள்ளூர்வாசியின் உரிமத்தை வாங்கினால் பணம் மிச்சம் என்று யோசனை சொல்பவரை நாமே சந்தித்திருக்கிறோம். அது மிச்சமன்று, பொய். ஒருவர் பங்கையும் சேர்த்து இன்னொருவர் சுடுவது, பேட்டைச் சுட்டுவிட்டுப் புதரில் எறிவது, வேலியில்லை என்பதற்காக அனுமதியின்றித் தனியார் நிலத்தில் இறங்குவது ஆகிய அனைத்தும் இவ்வகையே. தெற்கு டகோட்டாவில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று சேவல். பேட்டைச் சுடவே கூடாது. எடுத்துச் செல்லும் பறவை சேவல்தான் என்று அதிகாரி அடையாளம் காணும்படி அதன் தலையோ சிறகோ காலோ உடலோடு இருக்க வேண்டும். புல்வெளியில் நம்மை எண்ணிப் பார்க்க ஒருவரும் இருக்க மாட்டார். அந்த எண்ணிக்கை நமக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலுள்ள அமானிதம்.

உள்ளூராருக்குக் குறைந்த கட்டணம், வெளியூராருக்குக் கூடுதல் கட்டணம், இது அநீதியில்லையா என்றும் கேட்கிறார்கள். மொன்டானாவின் எல்க் மான் வேட்டை தொடர்பாக இக்கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது; 1978இல் அது வெளிமாநிலத்தவரிடம் கூடுதல் கட்டணம் வசூலிப்பதைச் செல்லுமென்றே தீர்ப்பளித்தது. நியாயமும் அப்பக்கமே இருப்பதாக நாம் கருதுகிறோம். ஆண்டு முழுவதும் வரி கட்டி, அந்நிலத்தின் பனியையும் வறட்சியையும் தாங்கி வாழ்பவர்கள் அவர்கள். நாம் மூன்று நாள் விருந்தினர். அந்நிலம் இல்லையேல் பறவையும் இல்லை. உழாமல் புல்லாக விடப்படும் நிலத்திற்கு விவசாயிக்குப் பணம் தரும் கூட்டரசுத் திட்டம் 2007இல் 3 கோடியே 60 இலட்சம் ஏக்கருக்கும் மேல் விரிந்திருந்தது. அக்காலத்தில் தெற்கு டகோட்டாவில் ஃபெசன்ட் பெருகிக் கிடந்தது. சோள விலை ஏறிப் புல்வெளிகள் உழப்பட்டபோது பறவையும் குறைந்தது. உரிமத்தோடு வாங்கும் வாழிட முத்திரையின் பணம் வாழிடத்தைப் பேணவும் மக்கள் வேட்டையாட நிலம் திறந்துவைக்கவுமே செல்கிறது. தோட்டா வாங்கும்போது செலுத்தும் வரியும் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வனவிலங்குப் பணிக்கே போகிறது. உரிமக் கட்டணத்தில் திருடுபவர் தம் பிள்ளைகள் நாளை நடக்கவிருக்கும் புல்வெளியிலிருந்தே திருடுகிறார்.

இறைச்சி ஹலாலாவது பற்றியும் அலட்சியம் கூடாது. சுடும்போது அல்லாஹ்வின் பெயர் கூறுவது, பறவை உயிரோடு கிடைத்தால் உடனே அறுப்பது ஆகியவற்றில் குழப்பமில்லை. அறுப்பதற்கு முன்பே குண்டடியால் இறந்துவிட்டால் உண்ணலாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு: துளைத்துக் கொல்வதால் கூடும் என்போரும் உளர், கூர்மையால் அன்றி விசையால் கொல்வதால் கூடாது என்போரும் உளர். புறப்படுவதற்கு முன் உங்கள் ஆலிமிடம் கேட்டு ஒரு முடிவோடு செல்லுங்கள். பறவையைக் கையில் வைத்துக்கொண்டு பத்வா தேடாதீர்கள். கூரிய கத்தி ஒன்று ஒவ்வொருவர் இடுப்பிலும் இருக்கட்டும். விழுந்த பறவையை நோக்கி ஓடுங்கள். நீரில் விழுந்து இறந்து கிடப்பதை விட்டுவிடுங்கள். அது மூழ்கி இறந்ததா என்ற ஐயம் வந்துவிடுகிறது. அந்த ஐயத்திற்கே இடம் தராதபடி, நீர்ப்பரப்பின் மேல் பறக்கும் பறவையைச் சுடாதிருப்பது இன்னும் நன்று.

வீடு திரும்பியபின் அதைச் சமைப்பதிலும் கவனம் தேவை. கொழுப்பற்ற இறைச்சி, கோழிபோல் வறுத்தால் நார்நாராகிவிடும். குண்டுத் துகள்களைத் தேடி எடுத்துவிட்டு, இஞ்சி பூண்டில் ஊறவைத்து, தேங்காய்ப்பாலில் மெல்லிய தீயில் ஆணம் காய்ச்சுங்கள். அண்டை வீட்டாருக்கும் ஒரு கிண்ணம் கொடுங்கள்.

சகோதரர்களே! செலவழிக்கும் ஆற்றல் உள்ளவர் தம் பணத்தில் செலவழிப்பதைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் அதைப் பொதுவில் பரப்பி, ஆயிரங்கள் இல்லாதவனுக்கு அல்லாஹ்வின் விரிந்த பூமியில் நடக்க வழியே இல்லை என்ற எண்ணத்தை விதைக்காதீர்கள். வசதி குறைந்த தந்தையரே! பயணத்திற்கு முன் மனைவியோடு அமர்ந்து கணக்கெழுதுங்கள். வாடகையும் பிள்ளைகளின் கட்டணமும் ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்புவதும் போக மீதமிருந்தால் புறப்படுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டு போகலாம். புல்வெளி அங்கேயே இருக்கும். மூன்று நாளும் நடந்து ஒரு சேவலும் கிடைக்காமல் போகலாம். எங்களுக்கும் அப்படியோர் ஆண்டு வாய்த்தது. வெறும் பெட்டியோடு திரும்பிய அந்தப் பயணத்தில்தான், ரிஜ்க் யார் கையில் இருக்கிறது என்று எங்களில் ஒருவரின் பன்னிரண்டு வயது மகன் வண்டியின் பின்னிருக்கையிலிருந்து எங்களுக்கே எடுத்துச் சொன்னான். எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் எந்தப் பண்ணையிலும் அது விற்பனைக்குக் கிடைக்காது.

வீண் விரயத்திலிருந்தும் வட்டியிலிருந்தும் பொய்யிலிருந்தும் நம் குடும்பங்களை வல்ல அல்லாஹ் காப்பானாக! ஹலாலான உணவையும் போதுமென்ற மனத்தையும் நமக்கு அருள்வானாக! ஆமீன்.